மசில் காரை வீட்டு கராஜில் மீட்டெடுப்பது: கழற்றுவது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

1964-இல் பான்டியாக் நிறுவனம் தன் டெம்பெஸ்ட் காருக்குள் 389 கன அங்குல வி8 இன்ஜினை இறக்கி, ஜிடிஓ என்று பெயர் வைத்து விற்றது. நடுத்தர உடம்பு, பெரிய காரின் இன்ஜின். மசில் கார் என்றால் இவ்வளவுதான். அடுத்த சில ஆண்டுகளில் செவ்ரோலேயின் செவெல் எஸ்எஸ், கிறைஸ்லர் நிறுவனத்தின் சார்ஜர், ரோட் ரன்னர் என்று வரிசையாக வந்தன. ஃபோர்டின் மஸ்டாங்கையும் செவ்ரோலேயின் கமாரோவையும் போனி கார் என்று தனியாகப் பிரிப்பவர்கள் உண்டு. கராஜ் வேலையைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே குடும்பம். கம்ப்யூட்டர் கிடையாது, கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், இரும்புத் தகடு, போல்ட், அவ்வளவே. அதனால்தான் ஒரு தனி மனிதர் வீட்டிலேயே இந்த வேலையைச் செய்து முடிக்க முடிகிறது.

ஆனாலும் பாதியில் நின்றுபோய், அட்டைப் பெட்டிகளோடு விற்பனைக்கு வரும் கார்கள் நிறைய. வெல்டிங் தெரியாததால் யாரும் கைவிடுவதில்லை, அது பழகினால் வந்துவிடும். இரண்டு வருடம் கழித்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிற்கும்போதுதான் கை ஓய்ந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கழற்றும் முன் படம் எடுங்கள், எழுதி வையுங்கள்.

வாங்கும் முன்பு

எந்த மாடல் என்பது உங்கள் ஆசை. அந்த மாடலில் எந்தக் காரை எடுப்பது என்பதைத் துருவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஓடாத இன்ஜினோடு வாங்கலாம், கிழிந்த சீட்டோடு வாங்கலாம். அடிப்பகுதி அரித்துப்போன உடம்பை மட்டும், எவ்வளவு மலிவாக வந்தாலும், முதல் காராக எடுக்காதீர்கள். இன்ஜின் வேலை எங்கே முடியும் என்று முன்கூட்டியே சொல்லலாம். துரு அப்படியில்லை, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒரு ஓட்டையைச் சுரண்டினால் நான்கு தெரியும்.

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பின் சக்கர வளைவு, கதவுக்குப் பின்னால் உள்ள பக்கத் தகடான குவார்ட்டர் பேனலின் கீழ்ப்பகுதி, முன் ஃபென்டரின் பின்பக்கக் கீழ் மூலை, கதவின் அடிவிளிம்பு என்று வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது பட்டி. பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள பள்ளத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். செவெல், சார்ஜர் இரண்டிலும் அங்கே தண்ணீர் தேங்கி, தகட்டை அரித்து, டிக்கித் தரையில் இறங்கும். வினைல் கூரை இருந்தால் இன்னும் மோசம். கீழே என்ன நடக்கிறது என்பதே வெளியே தெரியாது.

1965 முதல் 1968 வரையான மஸ்டாங் என்றால் ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். விண்ட்ஷீல்டுக்கு முன்னால், காருக்குள் காற்று போகும் துளைகள் இருக்கும். அதில் மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் இரு பக்கமும் ஃபென்டருக்குப் பின்னால் வெளியே வடிந்துவிட்டால் நல்லது. கார்ப்பெட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தால், உள்ளே இருக்கும் கௌல் தகடு போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளை, அதாவது புள்ளி புள்ளியான பற்றவைப்புகளைத் துளைத்து மேல்தகட்டைத் தூக்க வேண்டும். முடியாத வேலையில்லை. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்து விலை பேசுவது வேறு, வாங்கிய பிறகு தெரிந்துகொள்வது வேறு.

அடுத்து அடையாளம். காரின் அடையாள எண்தான் வின் எண். 17 எழுத்து வின் எண் 1981 மாடலில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் எழுதியது. 1966 முதல் 1971 வரை ஜிடிஓவின் எண் 242 என்று தொடங்கும். அதனால் அது அசலா, அதே உடம்புள்ள சாதாரண லெமான்ஸ் காருக்கு ஜிடிஓ முகப்பு மாட்டியதா என்பது நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். 1969, 1970 செவெல்லில் எஸ்எஸ் என்பது ஓர் ஆப்ஷன் மட்டுமே, வின் எண் அதைக் காட்டாது. 1966 முதலான கிறைஸ்லர் கார்களில் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட்டும், பான்டியாக்குக்கு பிஹெச்எஸ் ஆவணமும் வாங்கலாம். இரண்டும் நிறுவனத்தின் பழைய பதிவுகளிலிருந்து எடுக்கப்படுபவை. பேட்ஜ்களையும் ஸ்டிக்கர்களையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

காரின் எலும்புக்கூடு எப்படிப்பட்டது என்பதும் வேலையை மாற்றும். செவெல், ஜிடிஓ இரண்டும் தனி சேஸிஸ் மேல் உடம்பு போல்ட் போடப்பட்டவை. உடம்பைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம். மஸ்டாங், சார்ஜர், ரோட் ரன்னர் ஆகியவற்றில் உடம்பே சேஸிஸ். கமாரோ இரண்டுக்கும் நடுவில்: முன்பக்கம் மட்டும் கழற்றக்கூடிய சட்டம்.

கராஜும் பாதுகாப்பும்

பிரித்த கார், முழுக் காரைப்போல் இரண்டு மடங்கு இடத்தைப் பிடிக்கும். சுவரில் அலமாரி அடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நல்ல மிக் வெல்டர், கிரைண்டர், டார்க் ரெஞ்ச், நான்கு கனமான ஜாக் ஸ்டாண்டு, கொஞ்சம் பெரிய கம்ப்ரஸர் ஆகியவை சொந்தமாக வேண்டும். இன்ஜின் தூக்கும் கிரேன் இரண்டு மூன்று தடவைதான் தேவைப்படும், வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும். தூக்கிய காரை ஜாக் ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். சிமென்ட் ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுக்காதீர்கள், அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட தகட்டில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். குளோரின் இல்லாத வகையை மட்டும் கராஜுக்குள் வையுங்கள். அந்தக் காலப் பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பழைய பெயின்டிலும், கூரையும் குவார்ட்டர் பேனலும் சேரும் மூட்டிலும் ஈயம் இருக்கும். காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, அதில் வெல்டிங் கூடவே கூடாது. தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

கழற்றுவது

பெரும்பாலானோர் இங்கேதான் அகலக்கால் வைக்கிறார்கள். பிரிப்பது அவ்வளவு இன்பமான வேலை. ஒரு வாரக் கடைசியில் கார் எலும்பாக நிற்கும். தயவுசெய்து மெதுவாகப் போங்கள்.

முதலில் காரை உள்ளே விட்டு, எதையும் தொடாமல், ஒரு நாள் முழுக்கப் படம் மட்டும் எடுங்கள். கதவு இடைவெளி எங்கே எவ்வளவு, வயர் எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறது, கிளிப் எந்தத் திசையில் நிற்கிறது என்று பக்கத்திலிருந்து ஒன்று, தள்ளி நின்று ஒன்று. கழற்றும் ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளும் ஒரு பிளாஸ்டிக் பையில். பையின் மேல் 'இடது கதவு, மேல் கீல், 3 போல்ட், நீளமானது முன்பக்கம்' என்கிற அளவுக்கு எழுதுங்கள். வெறுமனே 'கதவு' என்று எழுதிய பை, எழுதாத பைக்குச் சமம். அந்தப் பையின் எண்ணும் தேதியும் ஒரு நோட்டில். செல்போன் படங்கள் தொலையலாம், நோட்டு அலமாரியிலேயே இருக்கும்.

உடைந்த பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள். புதியது வந்து, பொருந்தி, பூட்டிய பிறகே பழையது வெளியே போகலாம். மறுதயாரிப்புப் பாகங்களில் ஒரு துளை தள்ளியிருப்பது, ஒரு மடிப்பு இல்லாமலே இருப்பது எல்லாம் சர்வ சாதாரணம். அப்போது பழையதுதான் அளவுகோல்.

பெட்ரோல் டேங்கை இறக்கும்போது அதன் மேல் முகத்தைப் பாருங்கள். பான்டியாக், செவ்ரோலே போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், காரில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று தொழிற்சாலையில் அச்சிட்ட பில்ட் ஷீட் பல சமயம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். சீட் ஸ்பிரிங்குகளுக்குள்ளும் கிடைப்பதுண்டு. எலி கடித்து, மஞ்சளாகிப் பொடிந்தாலும் அதுதான் உங்கள் காரின் பிறப்புச் சான்றிதழ். இழுக்காமல், ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்தெடுங்கள்.

இறுகிய போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு, அடுத்த நாள் மறுபடி விட்டு, சுத்தியலால் தலையில் நாலு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் சூடு. கிறைஸ்லர் கார்களில் 1970 மாடல் வரை இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்குத் தலைகீழ் மரை. ஸ்டட்டின் முனையில் ஆங்கில 'எல்' எழுத்து பொறித்திருக்கும். இது தெரியாமல் நீளமான பைப் போட்டு மிதித்து ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம். முன் காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் கை வைக்கவே வேண்டாம்; அழுந்திய ஸ்பிரிங் தெறித்தால் உயிரே போகும்.

துருவும் வெல்டிங்கும்

தகட்டை வெட்டுவதற்கு முன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். உடம்பே சேஸிஸாக உள்ள கார்களில், சதுரக் குழாயைக் கதவு வாசலின் குறுக்கே பற்றவைத்து முட்டுக்கொடுங்கள். கூரையில்லாத கன்வர்ட்டிபிள் என்றால் இரண்டு மடங்கு முட்டு. அப்படிச் செய்யாமல் தரையையும், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கரையும் வெட்டினால் உடம்பு நடுவில் மெல்லத் தொய்யும். அது கண்ணுக்குத் தெரியாது. புதுத் தகட்டைப் பற்றவைத்து முடித்து, கதவை மாட்டும் அன்றுதான் தெரியும். அதனால் கதவுகளை நடுநடுவே மாட்டி, மூடிப் பார்த்து, இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டே போங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டே மறுபக்கத்தை வெட்டுங்கள்.

தொழிற்சாலைத் தகடுகள் ஸ்பாட் வெல்டால் சேர்ந்தவை. பழைய பெயின்டைச் சுரண்டினால் சின்ன வட்டப் பள்ளங்களாகத் தெரியும். நடுவில் பொட்டு வைத்து, ஸ்பாட் வெல்ட் கட்டரால் மேல்தகட்டை மட்டும் துளையுங்கள். கீழ்த்தகடு முழுதாக இருக்க வேண்டும். புதுத் தகட்டின் விளிம்பில் 8 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, இரண்டுக்கும் நடுவே வெல்டிங் தாங்கும் பிரைமர் அடித்து, கிளாம்ப்பால் இறுக்கிப் பிடியுங்கள். கீழ்த்தகட்டின் நடுவில் நெருப்பைத் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றித் துளையை நிரப்பினால் பிளக் வெல்ட். தகடுகளுக்கு இடையில் இடைவெளி இருந்தால் மேலே அழகாக நிரம்பும், கீழே பிடித்திருக்காது. பழைய தகட்டுத் துண்டுகளில் பத்திருபது போட்டு, உளியால் பிரித்துப் பாருங்கள். தகடு கிழிந்து வெல்ட் அப்படியே நின்றால் காரில் கை வைக்கலாம்.

குவார்ட்டர் பேனல் போன்ற அகலமான வெளித்தகட்டில் சூடுதான் எதிரி. 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் 75 சதவீதம் கார்பன் டையாக்சைடு 25 சதவீதம் கலந்த வாயு. ஒரு பொட்டு இந்த முனையில், அடுத்தது அந்த முனையில், மூன்றாவது நடுவில். வெறுங்கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்த பொட்டு. ஒரு அடி நீள மூட்டுக்கு ஒரு மாலைப்பொழுது போகும். போகட்டும். அவசரத்தில் ஒரே கோடாக இழுத்தால் தகடு அலையலையாக நெளிந்துவிடும், அதை நிமிர்த்த ஒரு மாதம் டிங்கரிங் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்ஜின்

பல வருடம் ஓடாத இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் விட்டுவிட்டு, கிராங்க் போல்ட்டில் நீள ஸ்பானர் போட்டுக் கையால் அசையுங்கள். சின்ன வி8 இன்ஜினே கிட்டத்தட்ட கால் டன் எடை, பிக் பிளாக் எனப்படும் பெரிய வி8 300 கிலோவைத் தாண்டும். கிரேனை நிறுத்தும் தரை சமமாக இருக்கட்டும்.

சிலிண்டர் போரிங், விரிசல் சோதனை, கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத் பட்டறை வேலை. செவ்ரோலேயின் 350 கன அங்குல இன்ஜினில் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4 அங்குலம், வழக்கமாக 0.030 அங்குலம் பெரிதாக்குவார்கள், அப்போது அது 355 கன அங்குலமாகிறது. ஈயமில்லாப் பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கடினமானவையாக மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்றையும் பட்டறையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். செவ்ரோலே இன்ஜினில் அடையாள எண்கள் பிளாக்கின் முன்பக்க வலது ஓரத்தில், ஹெட் உட்காரும் அதே மேற்பரப்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பிளாக்கின் மேல்முகத்தைச் சமமாக்கச் சீவினால் அந்த எண்களும் சேர்ந்து போய்விடும். அசல் இன்ஜின் என்பதற்கான சாட்சி ஒரே நிமிடத்தில் தூளாகிவிடும். எண்களைக் கிட்டத்தில் படம் எடுத்துவிட்டே பிளாக்கை அனுப்புங்கள்.

இன்ஜினை நீங்களே பூட்டலாம். சுத்தம்தான் பாதி வேலை: எண்ணெய்ப் பாதைகளை நீளத் தூரிகையால் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். பேரிங் இடைவெளியை, அழுந்தி விரியும் மெல்லிய பிளாஸ்டிக் இழையான பிளாஸ்டிகேஜ் வைத்து அளந்து, நோட்டில் எழுதுங்கள். பேரிங்கில் சுழலும் தண்டுப் பகுதியான ஜர்னலின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.001 அங்குலம் என்பது பழைய கணக்கு. பிஸ்டன் ரிங்கின் முனை இடைவெளிக்கு, போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.004. சின்ன பிளாக் செவ்ரோலேயின் ஹெட் போல்ட்டுக்கு 65 அடி-பவுண்டு, அதாவது சுமார் 88 நியூட்டன் மீட்டர். மூன்று சுற்றாக, நடுவிலிருந்து வெளியே இறுக்குங்கள்.

பிரேக்

1967 மாடலுக்கு முந்தைய பெரும்பாலான கார்களில் மிதியின் அழுத்தத்தைப் பிரேக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. எனக்கு அசல்தன்மை பிடிக்கும், ஆனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இரட்டை அறைக்கு மாற்றிவிடுங்கள். முன்பக்கம் டிஸ்க் போட முடிந்தால் இன்னும் நல்லது. பிரேக் குழாய், ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. பெட்ரோல் ஹோஸும் புதிதாக, எத்தனால் தாங்கும் வகையாக இருக்கட்டும்; பழைய ரப்பர் இன்றைய பெட்ரோலில் கரைந்து ஒழுகும்.

பட்டியும் பெயின்டும்

வெறும் தகட்டின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர். அதன் மேல் பட்டி, எங்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மேலே போனால் தகட்டை இன்னும் நிமிர்த்தியிருக்க வேண்டும். பிறகு கனமான ஃபில்லர் பிரைமர் அடித்து, அதன் மேல் கருப்பு நிறத்தைப் பனித்தூறல்போல லேசாகத் தூவுங்கள். இதுதான் கைட் கோட். நீளமான பலகையில் உப்புத்தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். மேடான இடத்தில் கருப்பு முதலில் போகும், பள்ளத்தில் புள்ளி புள்ளியாகத் தங்கும். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கருப்பு மறைகிற வரைக்கும் இதுதான் வேலை. வெறுங்கையில் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் தடங்கள் பள்ளமாக விழுந்து, கருநிறக் கார் வெயிலில் நிற்கும்போது அத்தனையும் தெரியும். உப்புத்தாளின் எண் 180-இல் தொடங்கி 320, 400, கடைசியில் 600.

நிறத்தை மட்டும் வெளியே பெயின்டரிடம் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. இன்றைய இரண்டு பாகப் பெயின்டுகளின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்கக் கூடாது. தேய்ப்பு வேலை முழுவதையும் நீங்கள் செய்துவிட்டால், காரின் அழகில் பெரும்பங்கு உங்கள் கையில்தான் வந்திருக்கும்.

வயரிங்

புது ஹார்னஸ், அதாவது முழு வயர்க் கட்டு, மாட்டுங்கள். அறுபது வருட இன்சுலேஷனை நம்பி இவ்வளவு உழைப்பையும் நெருப்புக்குக் கொடுக்க வேண்டாம். கிறைஸ்லர் கார்களில் சார்ஜ் ஆகும் கரன்ட் இன்ஜினுக்கும் காரின் உட்பகுதிக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் இருக்கும் கனெக்டர் வழியாக அம்மீட்டர் வரை போய்த் திரும்பும். அந்த கனெக்டர் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த காரில் விளக்கு மங்கலாக எரிந்தாலோ மீட்டர் தாறுமாறாகக் காட்டினாலோ, முக்கால்வாசி நேரம் எர்த்தான் காரணம். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிப் பளபளப்பாக்குங்கள்.

பூட்டுவதும் முதல் ஸ்டார்ட்டும்

இப்போது அந்தப் பைகளும் நோட்டும் பேசும். கழற்றிய வரிசையைக் கடைசியிலிருந்து படித்தால் அதுவே பூட்டும் வரிசை. புதுப் பெயின்ட் விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டு, கதவு, ஃபென்டர், பானட் என்று இன்னொருவர் துணையோடு மாட்டுங்கள்.

வால்வுகளைத் திறக்கவைக்கும் பழைய வகை ஃபிளாட் டேப்பட் கேம் ஷாஃப்ட்டுக்கு முதல் அரை மணி நேரம் வாழ்வா சாவா. வெகுநேரம் ஸ்டார்ட்டரால் சுற்றினாலே அதில் தடவிய லூப்ரிகன்ட் போய்விடும். அதனால் சாவி திருப்புவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அதன் துளை வழியே கம்பியை விட்டு, டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, இன்ஜினின் மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர்களில் எண்ணெய் வரும்வரை பாருங்கள். செவ்ரோலே என்றால் வலஞ்சுழி, ஃபோர்டு என்றால் இடஞ்சுழி. பிறகு முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரலை வைத்து, கிராங்க்கைக் கையால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது, டைமிங் குறிக்கு நேராக நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குங்கள். காற்று வராமல் குறி மட்டும் நேராக நின்றால், அது எக்ஸாஸ்ட் சுற்று. இன்ஜின் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். பிளக் வயர் வரிசை செவ்ரோலே 350-க்கு 1-8-4-3-6-5-7-2, ஃபோர்டு 289, 302-க்கு 1-5-4-2-6-3-7-8.

கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, கராஜ் கதவைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்தவுடன் ஐடிலில் விடாதீர்கள். நிமிடத்துக்கு 2000-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட சுழற்சியில் ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம் ஓட விடுங்கள். ஒரு கண் ஆயில் பிரஷர் மீட்டரில், இன்னொரு கண் வெப்பத்தில். ஒழுகல் ஏதாவது தெரிந்தால் நிறுத்தி, சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

சாலையில் இறக்கும் முன் வீல் அலைன்மென்ட். தொழிற்சாலைப் புத்தகத்தில் உள்ள கணக்கு அந்தக் காலத்துப் பயஸ் பிளை டயருக்கானது. இன்றைய ரேடியல் டயர் போட்டிருந்தால் பாசிட்டிவ் காஸ்டரை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வைக் கூட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் கார் அலையும். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, மெதுவாக, பிரேக்கை நான்கைந்து முறை மிதித்துப் பார்த்து. திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பிரேக்-இன் முடிந்ததும் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் கவலையில்லை. மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் கேம் தேய்கிறது, அப்படியே ஓட்டாமல் டேப்பட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். இரண்டில் எதுவானாலும் தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.